பத்மபுரத்து லல்லேசுவரியார்

காசுமீர நாடு சைவ நன்மக்களுக்குப் புதியதன்று. மிருகேந்திர ஆகமத்திற்கு விருத்தி இயற்றிய நாராயணகண்டரும், மதங்கம், கிரணம் என்னும் ஆகமங்களுக்கு விருத்தி கண்ட அவர் மைந்தர் பட்ட இராமகண்டரும் அந்நாட்டினரேயாவர். கி. பி. 12-ஆம் நூற்றாண்டில் நம் தமிழகத்தே விளங்கிய அகோரசிவாசாரியார் அவர் வழியைப் பெரிதும் தழுவியே தம் உரைகளை வகுத்தருளினார். ஆகவே, நம் மடாலயங்களிற் போற்றப்பெறும் ஆகமவுரைகளின் வேர்களுள் ஒன்று பனிமலைச் சாரலிலே ஊன்றியுள்ளதெனல் மிகையாகாது. சோமானந்தர், உற்பலதேவர், அபிநவகுப்தர், க்ஷேமராசர் என்னும் பேராசிரியர்கள் பிரத்தியபிஞ்ஞை நெறியை வளர்த்ததும் அந்நாட்டிலேயாம்.

இத்துணைச் சிறந்த கல்வி நிலம் 14-ஆம் நூற்றாண்டிலே நிலைகலங்கிற்று. 1320-இல் துலுச்சன் என்னும் அயற்படைத்தலைவன் படையெடுப்பால் நாடு பாழ்பட்டது. 1339-இல் சாமீர் என்பவன் அரசு கைக்கொள்ள, பழைய அரசமரபு ஒழிந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் அரசேறிய சிக்கந்தர் காலத்துக் கோயில்கள் பல அழிந்தன; வடமொழி வல்ல குடிகள் பல நாடு நீங்கின. கற்றோர் கூட்டமும், அவரைப் புரக்கும் அரசும், ஏடு பயிலும் இருக்கையும் நிலைகுலைந்தவிடத்து, ஒரு சமயத்தின் உயிர்ப்பொருள் பொதுமக்கள் நெஞ்சில் எங்ஙனம் நிலைபெறும்? இவ்வினாவிற்கு விடையாக வாழ்ந்தவர், பத்மபுரத்து இல்லமொன்றில் மருகியாய்ப் புகுந்து துன்புற்ற லல்லேசுவரியம்மையார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைதும்.

ஊரின் சிறப்பு

பத்மபுரம் இக்காலத்துப் பாம்பூர் என வழங்குகின்றது. சிரீநகரத்தினின்று தென்கிழக்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தொலைவில், ஜீலம் எனப்படும் விதஸ்தையாற்றின் வலக்கரையில் அஃது அமைந்துள்ளது. 9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சிப்பட செயாபீடன் என்னும் சிறுவன் அரசுகட்டில் ஏறினனாக, அவன் தாயுடன் பிறந்தார் ஐவரும் அவன் பெயரால் நாட்டை ஆண்டனர். அவருள் ஒருவனாகிய பத்மன் தன் பெயரால் இவ்வூரை நிறுவிப் பத்மசுவாமி என்னும் திருமால் கோயிலையும் எடுத்தான் என்று, 12-ஆம் நூற்றாண்டினராகிய கல்கணர் தம் இராசதரங்கிணியிற் கூறுவர். அவ்வைவருள் மற்றொருவனாகிய உற்பலனுக்குப் பேரனே அவந்திவர்மன். அவன் ஆண்ட 855 முதல் 883 வரையுள்ள காலத்திலே பட்ட கல்லடர் முதலிய சித்தர்கள் உலகிற்கு அருள்செய்யத் தோன்றினர் என்பதும் அந்நூலாற் பெறப்படும்.

இவ்வூர்க்குப் பெரும்புகழ் தருவது குங்குமப்பூ. மகளிர் நெற்றியில் அணியும் மஞ்சட்குங்குமம் வேறு. சந்தனத்தோடு குழைத்து இறைவன் திருமேனிக்குச் சாத்தும் இது வேறு. ஊரைச் சூழ்ந்த, நீர் தங்காத மேட்டு நிலங்களிற் கிழங்கினின்று முளைத்து, ஐப்பசித் திங்களில் ஊதாநிற மலராக இது விரியும். விடியலிற் பூக்கொய்து, இதழ்களை ஒதுக்கி, நடுவேயுள்ள செந்நிற நார் மூன்றனையுமே எடுத்து உலர்த்துவர். ஒரு கிலோ எடையுள்ள குங்குமப்பூவிற்கு ஏறக்குறைய 1,50,000 மலர்கள் வேண்டும். கல்வி, உயர்ந்த மாளிகை, பனிநீர், கொடிமுந்திரி என்பவற்றோடு குங்குமத்தையும் சேர்த்து நாட்டின் பேறுகளாகக் கல்கணர் எண்ணுவர். பக்கத்தேயுள்ள சேவன் என்னும் ஊரின் தட்சகநாகச் சுனையினின்றே இதன் வித்து வந்ததெனக் கருதி, பயிர்த்தொழில் தொடங்குங்கால் உழவர் அச்சுனையை வழிபட்டுப் பசும்பால் சொரிந்தனர் என்பது அக்பர் காலத்து அபுல் பசல் எழுதிய நூலாற் புலனாகும். 2020-ஆம் ஆண்டிற் காசுமீரக் குங்குமப்பூவிற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

இப்பயிரின் இயல்பொன்று ஈண்டுக் கருதற்பாலது. குங்குமச் செடி வித்து ஈனுவதில்லை. மண்ணுள் மறைந்திருக்கும் கிழங்கைப் பிரித்தெடுத்து, ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாற்றி, மீண்டும் ஊன்றியே தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்துவருகின்றனர். அம்மையார் அருளிய மொழிகளும் இவ்வாறே காக்கப்பெற்றமை பின்னர் விளங்கும்.

பிறப்பும் மணமும்

அம்மையார் 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தணர் குடியிற் பிறந்தார். பிறந்தவூர் பழைய தலைநகராகிய பாந்திரேதன் என்பர் ஒருசாரார். செம்பூர் என்பர் மற்றொருசாரார். இரண்டும் பத்மபுரத்திற்கு அணித்தாயுள்ளவையே. தந்தையார் இல்லத்திலேயே சமயக் கல்வியின் தொடக்கம் அவர்க்கு வாய்த்தது. பன்னிரண்டாம் அகவையிற் பத்மபுரத்து அந்தணர் ஒருவர்க்கு மணம் செய்விக்கப்பெற்றார் என்பது வழிவழிச் செய்தி. மணமகட்குப் புதுப்பெயர் இடும் அந்நாட்டு வழக்கின்படி, புக்ககத்தார் அவர்க்குப் பத்மாவதி என்று பெயரிட்டனர். எனினும் உலகம் அப்பெயரை ஏற்றிலது. லல்லா என்றே வழங்கிற்று. பிற்காலத்தார் அன்பு மிகுதியால், பாட்டி என்னும் பொருள்படத் தேத் என்னும் சொல்லையும் கூட்டி, லல் தேத் என்றழைப்பாராயினர்.

புக்ககத்தில் மாமியார் அவர்பாற் காட்டிய கொடுமை காசுமீரத்தில் அறியாதார் இலர். உணவு படைக்குங்கால் உருண்டையான கல்லொன்றைத் தட்டில் வைத்து, அதன்மேல் மெல்லிதாகச் சோற்றைப் பரப்பிக் கொடுப்பது அம்மாமியார் வழக்கம். காண்பார்க்குத் தட்டு நிறைந்து தோன்றும்; உண்பார்க்கு வயிறு நிரம்பாது. அம்மையார் கணவர்க்கோ மாமனார்க்கோ ஒருசொல்லும் உரையாமல், இருந்ததை உண்டு, தட்டைக் கழுவிக் கல்லையும் கழுவி உரியவிடத்து வைத்துவிடுவார். ஒருநாள் அவ்வில்லத்தில் விருந்து நிகழவிருந்தது. ஆற்றுத்துறையில் தோழியர் அதுகுறித்து நகையாட, வீட்டில் எது சமைப்பினும் தமக்குக் கல் தவறாதென்னும் கருத்துப்பட அம்மையார் விடையிறுத்தார். அது மாமனார் செவிக்கு எட்டியது. அவர் தட்டை ஆராய்ந்து உண்மை கண்டு மனைவியைக் கடிந்தார். அக்கடிதலாற் கொடுமை குறையவில்லை. மாமியார் தம் மகன் நெஞ்சில் ஐயத்தை விதைக்கத் தலைப்பட்டார். அம்மையார் அன்று இறுத்த விடை இன்றும் அந்நாட்டிற் பழமொழியாய் வழங்குகின்றது.

கல்லை மறைத்து வைத்தவர் மாமியார். அதனை வெளிப்படுத்தாது மறைத்தவர் மருகியார். முன்னையது வஞ்சம், பின்னையது பொறை. பசியைப் பொறுத்தல் உடலின் ஆற்றலால் ஓரளவு கூடும். பசி விளைத்தவர்பால் வெகுளி கொள்ளாதிருத்தல் உயிரின் பக்குவத்தாலன்றிக் கூடாது. அம்மையார் வாழ்வில் தவம் காட்டிற் புகுந்த நாளில் தொடங்கிற்றன்று. அடுக்களையிலேயே தொடங்கிற்று என்பது இதனாற் பெறப்படும்.

உடைந்த குடம்

அம்மையார் வைகறையிற் குடமெடுத்து விதஸ்தைக்குச் செல்வார். அக்கரையிலுள்ள நடகேசவ பைரவர் கோயிலை அடைந்து, யோகத்தமர்ந்து, காலந்தாழ்த்தே நீர் முகந்து மீள்வார். இத்தாழ்வைக் காட்டி மாமியார் மகனைத் தூண்டினார். ஒருநாள் அம்மையார் தலைமேற் குடத்துடன் வாயில் புகும்போது, கணவர் சினந்து கோலால் அடித்தார். குடம் உடைந்து ஓடுகள் உதிர்ந்தன. நீரோ குடத்தின் வடிவாகவே தலைமேல் நின்றது. அம்மையார் அந்நீரைக் கொண்டு வீட்டுக் கலங்களையெல்லாம் நிரப்பி, எஞ்சியதைப் புறத்தே கொட்ட, அவ்விடம் குளமாயிற்று என்றும், அதுவே லல்லா திராக் எனப் பெயர்பெற்றது என்றும் கூறுவர்.

இதனை அற்புதமாகக் கொள்வார் அங்ஙனமே கொள்க. பொருள் நோக்குவார்க்கும் இஃது ஒன்று உணர்த்தும். குடம் உடம்பு; நீர் உணர்வு. உடம்பாகிய கலம் சிதையினும், சிவத்தினிடத்து ஒடுங்கிய உணர்வு சிதறுவதில்லை. இந்நிகழ்ச்சி ஊரில் பரவவே, மக்கள் திரளாக வந்து அவரைக் காணலாயினர். தனிமை விழைந்த அம்மையார்க்கு வசை எங்ஙனம் தடையாயிற்றோ, அங்ஙனமே புகழும் தடையாயிற்று. அவர் இல்லந் துறந்தார். நம் காரைக்காலம்மையார் வரலாற்றில் அற்புதங்கண்ட கணவன் அஞ்சி அகன்றனன். ஈண்டோ கோலெடுத்த கணவனை விட்டு அம்மையாரே அகன்றனர்.

குருவருளும் துறவும்

அம்மையார்க்கு ஞானாசிரியராய் வாய்த்தவர் சித்த ஸ்ரீகண்டர். சிவசூத்திரம் வெளிப்படக் கருவியாயிருந்த வசுகுப்தர் மரபில் வந்தவர் இவர் என்ப. பிராண அபானங்களை நெறிப்படுத்தி நடுநாடியிற் செலுத்தும் முறையும், பிரணவத்தை உள்ளொலியாகக் கேட்கும் முறையும், துவாதசாந்தத்தில் உணர்வை ஒடுக்கும் முறையும் அம்மையார் மொழிகளில் மிகத் தெளிவாக அமைந்துள்ளன. இவை ஆசிரியர் முன்னிலையிற் பயின்றார்க்கன்றி வாரா. ஆகலின், அவரை நூற்பயிற்சியின்றி உணர்ச்சி மேலீட்டாற் பாடித் திரிந்தார் ஒருவர் எனக் கருதுவது பொருந்தாது. புறத்தே சென்ற நோக்கை அகத்தே திருப்புக என்பதே ஆசிரியர் அருளிய உபதேசத்தின் சாரமென அவரே குறித்துள்ளார்.

துறவு பூண்டபின் அவர் ஊர்தோறும் திரிந்தார். ஆடையினும் நினைவற்றவராய்த் திரிந்தார் என்பது வழிவழிச் செய்தி. கன்னட நாட்டில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அக்கமகாதேவியார் வரலாற்றிலும் இத்தகைய செய்தியுண்டு. சிறுவர் அம்மையாரை எள்ளி ஆரவாரித்தபோது, துணிவணிகர் ஒருவர் அவர்களை ஓட்டினர். அம்மையார் அவ்வணிகரிடம் ஒரே எடையுள்ள துணித்துண்டுகள் இரண்டை வாங்கித் தோளுக்கொன்றாக இட்டுக்கொண்டு சென்றார். வணங்கினார் ஒருவரைக் காணுந்தோறும் ஒன்றில் ஒரு முடிச்சும், இகழ்ந்தார் ஒருவரைக் காணுந்தோறும் மற்றொன்றில் ஒரு முடிச்சும் இட்டனர். மாலையில் வணிகரிடம் அவற்றை நிறுக்கக் கொடுத்தபோது, இரண்டும் காலையிலிருந்த எடையினவாகவே இருந்தன. புகழாலும் இகழாலும் ஒருவர்க்கு ஏறுவதும் குறைவதும் இல்லையென்னும் உண்மையை, இருவினையொப்புப் பற்றிய நூற்பயிற்சி இல்லாத வணிகர்க்கும் விளங்குமாறு அவர் காட்டிய முறை இது.

அவர் அருளிய மொழிகள்

அம்மையார் மொழிகளை வாக் என்பர். பெரும்பாலும் நான்கடியான் அமைந்த சிறு செய்யுட்கள் அவை. அம்மையார்க்கு முன்னரே சிதிகண்டர் என்பார் மகாநயப்பிரகாசம் என்னும் நூலைப் பழைய காசுமீர மொழியிற் செய்து, வடமொழியில் உரையும் வகுத்துள்ளார். ஆயினும் அது கற்றார்க்கே பயன்பட்டது. பொதுமக்கள் நாவிற் பயின்று நிலைபெற்ற முதற் காசுமீரச் சிவஞானமொழி லல்லேசுவரியாருடையதே.

அவர் எடுத்தாண்ட உவமைகள் மக்கள் நாடோறும் காண்பனவே. ஆற்றில் ஓடம் இழுப்போன், சுடாத மட்கலம், பஞ்சு கொட்டுவோன், நெய்வோன், துணி வெளுப்போன், தைப்போன் ஆகிய இவற்றைக் கொண்டே உயிர் படும் பாட்டையும் பக்குவத்தையும் விளக்கினார். உள்ளன்பின்றிக் கல்லை வணங்குதலையும், விலங்கினைப் பலியிடுதலையும், பொருளுணராது நூலோதுதலையும் கடிந்தார். கடிந்தமை பற்றி அவரைக் கோயிலும் ஆகமமும் வேண்டாதார் என்று கொள்ளற்க. நடகேசவ பைரவர் திருமுன்னிலையிலே யோகம் பயின்றவர் அவர். ஆசிரியர் அருளின்றி நெறி இல்லை என்றவரும் அவரே. கிரியை ஞானத்திற் சென்று முடியாவிடத்தே அது வறிதாம் என்பதே அவர் கருத்து.

சித்தாந்த சைவராகிய நாம் இவ்வம்மையாரைப் போற்றுங்கால் கொள்கை வேற்றுமையையும் மறைத்தல் வேண்டா. சிவமே தன் விருப்பாற் சுருங்கிப் பசுவாய் நின்றது என்பதும், தன்னியல்பை மீள அறிதலே வீடு என்பதும் அவர் மரபின் துணிபு. உயிர் அநாதியே ஆணவத்தாற் கட்டுண்ட தனிப்பொருள் என்பதும், வீட்டினும் அது சிவத்தோடு இரண்டறக் கலந்து, தன் இருப்புக் கெடாது இன்புறும் என்பதும் நம் துணிபு. இவ்வேற்றுமை சிறிதன்று. காசுமீரத்திலேயே பட்ட இராமகண்டர் இதுபற்றி அபேதவாதிகளை மறுத்தெழுதியுள்ளார். எனினும் சத்திநிபாதம், குருவருள், ஐந்தொழில், யான் எனது என்னும் செருக்கறுதல் என்பவற்றில் இருமரபும் மிக அணுகி நிற்கின்றன. அம்மையார் வாழ்க்கையிற் சிறந்து விளங்குவன இப்பொதுப் பண்புகளே.

மறைவும் மரபும்

அம்மையார் தம் முதுமையில், பழைய சிவத்தலமாகிய விசயேசுவரத்தில் உடல் நீத்தார் என்பர். அவ்வூர் இக்காலத்துப் பிச்பிகாரா எனப்படும். 14-ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி அவர் மறைந்த காலமாகக் கொள்ளப்படுகின்றது. அவர்க்குச் சமாதியும் இல்லை, அடக்கத்தலமும் இல்லை. இந்துக்கள் அவரை லல்லா யோகேசுவரி என்றும், முகம்மதியர் ஞானம் பெற்றவர் என்னும் பொருளில் லல்லா ஆரிபா என்றும் போற்றுவர்.

காசுமீர முகம்மதியரால் மிகப் போற்றப்பெறும் நூருத்தீன் ரிஷி 1378-ஐ ஒட்டிப் பிறந்தவர். அவர் பிறந்து பால் உண்ணாதிருந்தபோது, அம்மையார் வந்து கூறிய சொல்லால் உண்டார் என்று ஒரு வழக்குண்டு. அதனினும் வலிய சான்று, அவரே தம் பாடலில் அம்மையாரைப் பத்மபுரத்து லல்லா என்று ஊர்சுட்டி, அமுதுண்டவராகப் புகழ்ந்து, அந்நிலையைத் தமக்கும் இறைவன்பால் வேண்டியமை. அரசர் வரலாறு எழுதிய சோனராசர் அம்மையாரைக் குறித்திலர். முல்லா அலி ரைனா 1587-இல் எழுதிய பாரசீக நூலிலேயே ஏட்டில் அவர் பெயர் முதன்முதல் காணப்படுகின்றது. 1654-இல் பாபா தாவூத் மிசுகாத்தி எழுதிய நூலும் அவரைக் குறிக்கின்றது. இங்ஙனம் ஏறக்குறைய இருநூறாண்டுகள் அரசவை ஏடும் கற்றோர் ஏடும் குறியாத ஒருவரைப் பொதுமக்கள் நாவே தாங்கி நின்றது.

18-ஆம் நூற்றாண்டில் இராசானக பாஸ்கரர் அம்மையார் வாக்குகளுள் 60-ஐத் தெரிந்து வடமொழியிற் பெயர்த்தார். 1914-இல் சர் சார்சு கிரியர்சன் என்னும் அயர்லாந்துப் பேரறிஞர் அவ்வாக்குகளின் ஏட்டைத் தேடித்தருமாறு பண்டித முகுந்தராம சாத்திரியாரை வேண்டினார். சாத்திரியார்க்கு ஏடு கிடைத்திலது. பாராமூலாவிற்கு அணித்தாயுள்ள கூசு என்னும் சிற்றூரில் தருமதாச தர்வேசு என்னும் முதிய அந்தணர் ஒருவரைக் கண்டார். அவர் தம் முன்னோரிடம் கேட்டு மனத்திருத்திய வாக்குகளை ஓதிவருபவர். அவர் ஓத, சாத்திரியார் எழுதிக்கொண்டார். அவ்வாறு கிடைத்தவற்றைப் பிற ஏடுகளொடு ஒப்புநோக்கிக் கிரியர்சனும் பார்னெட்டும் 109 வாக்குகளை 1920-இல் இலண்டனில் வெளியிட்டனர். செயலால் கௌல் என்னும் அறிஞர் 1973-இற் சாகித்திய அகாதெமி வாயிலாக வெளியிட்ட நூலில் 138 வாக்குகளைத் தெரிந்து தந்துள்ளார்.

இவ்வரலாற்றால் நாம் தெளிவது ஒன்றுண்டு. ஏடுகள் வேண்டும், மடங்கள் வேண்டும், அவையின்றேல் சாத்திரத்தின் நுண்மை மறையும். தெற்கே வந்து காக்கப்பெற்ற இராமகண்டர் உரைகளே அதற்குச் சான்று. ஆயின் ஏடும் மடமும் நிலைகலங்கும் காலமும் உலகில் வருதலுண்டு. அக்காலத்து எஞ்சி நிற்பது, தாய்மொழியிற் சொல்லப்பெற்று, எளியார் நெஞ்சிற் பதிந்த பகுதியேயாம். மலரின் இதழ் உதிர்ந்தபின்னும் மண்ணுள்ளிருந்து மீண்டும் முளைப்பது கிழங்கன்றோ? சாத்திரம் கற்றோர் தாம் கற்றதனை அடுக்களையில் இருப்பார்க்கும் ஆற்றுத்துறையில் நிற்பார்க்கும் அவர்தம் மொழியிலேயே அறிவுறுத்துதல் கடன் என்பதைப் பத்மபுரத்து அம்மையார் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது. அக்கடனை ஆற்றத் திருவருள் துணைசெய்வதாக.